பட்டினத்தார் ஆக முடியாதவர்கள்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதி. வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் பெரியம்மா. "புள்ள தலையில அடிச்சு சொல்லு, அப்பதான் நம்புவேன்" என்றாள் பெரியம்மா. "இவம்மேல சத்தியம். இனிமே தொட மாட்டேன்" என்றார் அப்பா. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை அவர் உள்ளங்கையில் இருந்தது.

பதினோராம் நாள் குடித்துவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சத்தியம் மீறினால், யார் மேல் செய்தார்களோ அவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்தபோது உயிரோடுதான் இருந்தேன். அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அப்பா சொல்லுக்குச் சாமியிடம்கூட மதிப்பில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகும் அவர் சத்தியம் செய்தார். கற்பூரத்தின் மேல், அம்மாவின் தாலி மேல், செத்துப்போன ஆயாவின் படத்தின் முன்னால். ஒருமுறை கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் உடைந்தபோது தெரு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னது: "மனசு வெச்சா முடியாதா?"

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. ஒரு மனிதன் மாறுவதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே கருவி சத்தியம். அது மோசமான கருவி. அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அதைப் பணக்காரர்கள் சமாசாரம், பைத்தியக்காரர்கள் சமாசாரம் என்று நாம்தான் தள்ளி வைத்திருக்கிறோம்.

*

சத்தியத்தைப் பற்றிப் பேச திருவொற்றியூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சங்கிலியாரை மணக்க வேண்டுமென்றால் உன்னைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரருக்குத் தன்னைப் பற்றித் தெரியும், திருவாரூரில் பரவையார் இருக்கிறார். அதனால் சிவனிடம் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு: நான் சன்னதியில் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். சிவன் சரியென்று சொல்லிவிட்டு, கனவில் சங்கிலியாரிடம் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். வசமாக மாட்டிக்கொண்ட சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். மாசித் திருவிழாவில் இன்றைக்கும் மகிழடி சேவை நடக்கிறது.

அப்புறம் என்ன ஆனது? தென்றல் வந்தது. சேக்கிழார் இதைச் சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். வசந்தக் காற்று மேலே பட்டதும் சுந்தரருக்கு ஆரூரின் வசந்த விழா ஞாபகம் வருகிறது. அங்கே பரவையின் ஆட்டமும் பாட்டும் ஞாபகம் வருகிறது. கால் கிளம்பிவிடுகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அப்பாவுக்கு அந்தத் தென்றல் சம்பள நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும்.

இதே ஊரில் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காதறுந்த ஊசியைப் பார்த்தார், அந்தக் கணமே எல்லாவற்றையும் விட்டார். ஒரே நொடி. சறுக்கலே இல்லை.

மாற்றம் என்றால் நமக்கு மனசில் இருப்பது பட்டினத்தார் கதைதான். மேடைப் பேச்சாளர், யூடியூப் தன்னம்பிக்கைக்காரர், கல்யாண மண்டபத்து மாமா எல்லோரும் ஆளுக்கொரு ஊசியை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு நாள் மனசில் ஏதோ உடையும், மறுநாள் வேறு மனுஷன். அப்படி நடக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோடியில் ஒருவருக்கு நடந்ததால்தான் அவருக்குச் சமாதியும் கோயிலும். மற்ற நாமெல்லாம் சுந்தரர்கள். சத்தியம் செய்யும்போதே உடையும் என்று தெரிகிறவர்கள், ஓட்டைக்கு முன்கூட்டியே இடம் விடுகிறவர்கள், தென்றல் வந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள். மகிழ மரத்தடியில் ஒருவர்கூட அவரிடம், "ஏன் போகணும்னு தோணுது? எப்போ தோணுது?" என்று கேட்கவில்லை. வாக்கு வாங்கினார்கள். உடைந்ததும் கண்ணைப் பிடுங்கினார்கள்.

*

அப்பாவுக்கு மனசு வைக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் ஐந்தாவது படிக்கும்போது கார்த்திகையில் அவர் மாலை போட்டார். ஒரு மண்டலம். விடிகாலை பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்கால், தரையில் படுக்கை. ஒரு சொட்டு குடிக்கவில்லை. அந்த வைராக்கியத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் நாலு நாவல் எழுதி முடித்திருப்பேன். மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றிய அன்றைக்கே குடித்தார்.

சாமி பயம் போச்சு என்றார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அந்த ஒரு மண்டலத்தில் அவரைச் சுற்றி இருந்ததெல்லாம் மாறியிருந்தது. எல்லோரும் அவரை "சாமி" என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போக ஒரு இடம் இருந்தது, பஜனைக் கொட்டகை. கூட உட்கார நாலு பேர் இருந்தார்கள். குடிக்கிற கூட்டாளிகள் மாலையைப் பார்த்துத் தாங்களே ஒதுங்கினார்கள். நாற்பத்தெட்டு நாளும் அவரைத் தாங்கியது இந்த ஏற்பாடுதான். மாலையோடு சேர்த்து அதையும் கழற்றிவிட்டோம்.

இதற்கு உலகத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தார். வீதியெல்லாம் ஹெராயின் அடிமைகள் நிறைந்துவிடுவார்கள் என்று அரசாங்கம் பயந்துகொண்டிருந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளில் மறுபடி அடிமைத்தனத்தில் விழுந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான். அவர்களுக்கெல்லாம் திடீரென்று மனவலிமை பொங்கிவிடவில்லை. காடு, குண்டு, கூட்டாளி, பயம், சும்மா கிடந்த நேரம் என்று அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாமே கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

திருவொற்றியூர்க்காரனுக்கு அந்தக் கடல் கிடையாது. அதே ஷிப்ட், அதே முக்கு, அதே கடை. அப்பா ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரே அறையில், நாங்கள் கத்திக்கொண்டிருக்க அவர் தூங்க வேண்டும். சாராயம்தான் அவருக்குத் தூக்க மாத்திரை. அதுதான் முதுகு வலிக்கு மருந்து. மேஸ்திரி திட்டியதை வாய்விட்டுச் சொல்ல முடிந்த ஒரே இடமும் அந்த பெஞ்சுதான். அந்தப் பழக்கம் அவர் வாழ்க்கையில் நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதை வேலையைவிட்டுத் தூக்கச் சொன்னோம். அந்த நாலு வேலையையும் இனி யார் பார்ப்பது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மாற்றம் ஏன் கஷ்டம் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். கெட்ட பழக்கம் கெட்டது மட்டும் இல்லை, அது எதையோ தாங்கிக்கொண்டு நிற்கிறது. உருவினால் கூரை இறங்கும்.

சில நேரம் நிஜமாகவே இறங்கும். கடைசியாக மாலை போட்டபோது அவர் உடம்பு பழைய உடம்பு இல்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், அம்மாவை அடையாளம் தெரியவில்லை. சாமி குத்தம் என்று விபூதி போட்டார்கள். அப்புறம் வலிப்பு வந்தது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகலாம், உயிரே போகலாம், இதற்கு மருத்துவமனையும் மாத்திரையும் உண்டு. சத்தியம் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். 2014இல் ஈரல் கெட்டு இறந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

*

நான் குடிப்பதில்லை. அப்பா மாதிரி ஆகவில்லை என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் கத்துவேன். சும்மா சத்தம் போடுவது இல்லை, வீடு நடுங்கக் கத்துவேன். இரண்டு போன், ஒரு மிக்சி ஜாடி, எண்ண முடியாத தட்டுகள். ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பேன், இனி நடக்காது என்பேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, அப்படிக் கத்தி முடித்த பிறகு, மூலையில் நின்ற மகள் முன்னால் மண்டியிட்டு, "உம்மேல சத்தியம்டா குட்டி, அப்பா இனிமே கத்த மாட்டேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், என் கை அவள் தலைமேல் இருந்தது.

மறுநாள் ஆலோசகர் தேடினேன்.

முதலில் போனது தனியார். முக்கால் மணி நேரத்துக்கு 1500 ரூபாய். "பாசிட்டிவ்வா யோசிங்க, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, குடும்பத்தோட வெளிய போங்க" என்றார். பெரியம்மா இதையே காசு வாங்காமல் சொல்வாள். இரண்டு தடவையோடு நின்றுவிட்டேன். தெரபி என்றாலே ஏமாற்று என்று அப்போது நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

பிறகு ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகக்கவசம் மாட்டிக்கொண்டு. அங்கே ஒரு மேடம், என்னைவிட வயதில் சின்னவர். நான் தயாராக வைத்திருந்த குற்ற ஒப்புதல் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கத்துறதுக்கு முந்தின ஒரு நிமிஷம் வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சு?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதச் சொன்னார். தேதி, நேரம், முன்னால் என்ன, உடம்பில் என்ன. நாலாவது வாரம் நோட்டைப் புரட்டியபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வீடு சத்தமாக இருந்த நாளில் நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எல்லாமே வீடு அமைதியாக இருந்த சாயங்காலங்கள். மனைவி ஏதோ யோசனையில் இருப்பாள், மகள் படம் வரைந்துகொண்டிருப்பாள், நான் ஒன்று கேட்பேன், பதில் வராது. மார்பு இறுகும். கத்திவிடுவேன்.

"சின்ன வயசுல உங்க வீடு எப்ப அமைதியா இருக்கும்?" என்று கேட்டார்.

தெருமுனையில் அப்பா செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது. அப்போது மட்டும்தான்.

இதைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது சினிமா. அழுதேன், வெளியே வந்து டீ குடித்தேன், அந்த வாரமே மறுபடி கத்தினேன். காரணம் தெரிந்தால் பாதி மாறிவிடும் என்பதும் ஒருவகைப் பட்டினத்தார் கதைதான். மார்பு இறுகும்போது வாசலுக்குப் போய் நிற்பது, போகுமுன் "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவது, திரும்பி வந்து கேட்டதை மறுபடி கேட்பது. இந்த அல்பமான காரியத்தைப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. நடுவில் ஒருநாள் தட்டு பறந்தது. அடுத்த சந்திப்புக்குப் போகவே கூச்சம். போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் கேட்டார்: "பழைய தடவைக்கும் இதுக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?" யோசித்தேன். பாதியில் நிறுத்தினேன். "எப்படி நிறுத்துனீங்க?"

சத்தியத்துக்கும் தெரபிக்கும் நடுவில் உள்ள வேறுபாடு முழுவதும் எனக்கு அந்தக் கேள்வியில் இருக்கிறது. சத்தியத்தில் ஒரு சறுக்கல் போதும், கணக்கு முடிந்தது, நீ பாவி. பாவி ஆகிவிட்ட பிறகு இன்னொரு கிளாஸ் ஊற்றினால் என்ன? ஊற்றினால் என்ன என்றுதான் அப்பாவும் ஊற்றினார். அவர் வாழ்க்கையில் தோற்றதைச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்ததில்லை. தோற்றதை மறைக்க மட்டும் நிறைய இடம் இருந்தது.

*

இது என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடலாம். சரி. அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் ஆலோசகர் எந்த அளவுக்குக் குற்றம் சாட்டி மோதினாரோ, அந்த அளவுக்கு அவர்கள் ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யோசித்தால் புரியும். விடணும், விட முடியாது என்று அவனுக்குள் ஏற்கெனவே இரண்டு குரல் இருக்கிறது. நீங்கள் "விடு" என்கிற குரலை எடுத்துக்கொண்டு கத்தினால் அவனுக்கு மிச்சமிருப்பது இன்னொன்றுதான். அதை வைத்துக்கொண்டு அவன் உங்களோடு சண்டை போடுவான். எங்கள் வீட்டில் இருபது வருடம் நடந்தது அதுதான்.

இன்னும் பக்கத்தில், கோவாவில். அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்கள். பயிற்சி கொடுத்து, மேற்பார்வை வைத்து, மோசமாகக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நாலு தடவை பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், முந்தைய இரண்டு வாரமும் குடிக்காமலே இருந்தவர்கள் இந்தப் பக்கம் 42 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18. அற்புதம் என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் ஆட்களால் விட முடியவில்லை. ஆனால் நாலு தடவைப் பேச்சுக்கு இது. எங்கள் தெருவின் எத்தனை சத்தியத்துக்கு இந்தக் கணக்கு வரும்?

*

இனி என் நண்பர்களுக்கு.

தோழர்கள் சொல்கிறார்கள்: பிரச்சனை அமைப்பில் இருக்கிறது, தெரபி அதைத் தனிமனிதன் தலையில் கட்டுகிறது. பாதி உண்மை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது வாளியால் அள்ளியதைப் பார்த்தவன் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் ஓடினார்கள். எந்த ஆலோசகரும் கொசஸ்தலையாற்றைச் சுத்தம் செய்ய மாட்டார். நைட் ஷிப்ட் பற்றிக் கேட்காமல் மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிற ஆலோசகர் தெண்டம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு சுத்தமாகும்வரை என் மகள் மூலையில் நின்றுகொண்டிருக்க முடியாது தோழர். சங்கக் கூட்டத்தில் முதலாளியை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அடித்தவர்களை நம் இருவருக்குமே பேர் சொல்லித் தெரியும்.

எழுத்தாளர்கள் சொல்கிறார்கள்: காயம்தான் எழுத்தின் ஊற்று, அதைத் தெரபிஸ்டிடம் கொடுத்துவிட்டால் எழுத என்ன இருக்கும்? இதைச் சொல்கிறவர் குடித்துவிட்டு எழுதிய பக்கங்களை நான் படித்திருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். குடிகார மேதை என்று கொண்டாடி நாம் எத்தனை பேரைச் சீக்கிரம் அனுப்பி வைத்தோம்! என் காயம் நோட்டில் எழுதியதால் வற்றிவிடவில்லை. இந்தக் கட்டுரையே சாட்சி.

தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. இன்ஸ்டாகிராமில் தெரபி வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு, பிடிக்காதவரை "டாக்ஸிக்" என்றும், பதில் சொல்லாமல் விலகுவதை "பவுண்டரி" என்றும் சொல்லிக்கொள்வது தெரபி இல்லை. அடுத்தவர்மேல் தீர்ப்பு எழுதப் புது மொழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் உட்கார்ந்த அந்த நாற்காலியில் பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அது அவ்வளவு இன்பமான விஷயம் இல்லை.

இந்த நகரத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் தலைமை ஏற்று நடத்திய இடம். நாம் அந்த ஊர்ப் பெயரை வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். குடிநோயாளிகளுக்காக சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு பக்கம் இருக்கிறது. அடையாறு எங்களுக்கு வேறு ஊர். 14416 என்ற டெலி மனாஸ் எண் 2022இலிருந்து இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இந்தச் சேவையை உரிமை என்கிறது.

ஆனால் உரிமை நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும். 2003இல் மதுவின் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த அரசு, ஷிப்ட் முடிந்து வருகிறவனின் வழியில் கடை வைக்கக் கற்றுக்கொண்டது. உயிருக்குக் கேடு என்ற உபதேசத்தையும் பாட்டில்மேலேயே அச்சடித்தது. அதே வழியில், அதே நேரத்தில், எங்கள் பாஷையில் பேசுகிற ஓர் ஆளை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைக்கச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. தேரடியில் ஒன்று, எர்ணாவூரில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று. ஓ.பி. சீட்டோடு, முகக்கவசம் இல்லாமல் போய் உட்காருகிற மாதிரி. உபதேசம் வேண்டாம். எப்போ தோணுது, எப்படி நிறுத்துன என்று கேட்கத் தெரிந்த ஆள் போதும்.

போன வாரம் மறுபடி கத்திவிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு. வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது மகள் வரைந்துகொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பென்சிலை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"நோட்ல எழுதிக்கோப்பா. மறந்துடப் போற."